துன்ப நாளில் துணை வரும் படக்கதைகள்

மழைக்காலம் வந்தால் பால்மரக் காட்டில் வேலை தடைப்படும் என்பதை நாம் அறிவோம். வேலை நின்றால் சம்பளம் குறையும். கடைக்காரரின் கடன் புத்தகத்தில் நம் கணக்கு நீளும். அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், ‘நமக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று மனம் சோர்ந்து போகிறது. அத்தகைய நாளில் தெம்பு தரக்கூடிய ஒன்று, பல கிறிஸ்தவக் குடும்பங்களில் அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும். புனிதர்களின் வாழ்க்கையைப் படங்களுடன் கூறும் புத்தகமே அது. அதை எப்படிப் பார்த்துப் படிப்பது என்பதை இன்று காண்போம்.

புனிதர் சரிதம் தமிழுக்குப் புதியதன்று. முத்துக்குளித்துறை மக்களுக்காக அண்டிரிக் அடிகளார் எழுதிய ‘அடியார் வரலாறு’ 1586-ஆம் ஆண்டிலேயே தமிழில் அச்சேறியது. எழுத்தறியாதவர்களுக்கோ படமே பாடமாயிற்று. ஒவ்வொரு புனிதரையும் அடையாளம் காட்ட, ஓவியர்கள் ஏதேனும் ஒரு பொருளைச் சேர்த்து வரைவது வழக்கம். பெரும்பாலும் அது அவர் செய்த வேலையையோ பட்ட பாட்டையோ காட்டும். ஆகவே, படத்தைக் கண்டதும் முகத்தை மட்டும் பார்க்காமல், ‘கையில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கப் பழக வேண்டும்.

புனித மார்ட்டின் தெ போரஸின் கையில் இருப்பது துடைப்பம். 1579-இல் பெரு நாட்டின் லீமா நகரில் பிறந்தவர் அவர். தாய், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண், தந்தை ஸ்பானியர். கலப்பினத்தவர் என்பதால் மடத்தில் முழு உறுப்பினராகும் உரிமை அவருக்கு முதலில் கிடைக்கவில்லை. வேலைக்காரராகச் சேர்ந்து கூட்டிப் பெருக்கினார். நோயாளிகளுக்கு மருந்து கட்டினார். நாயும் பூனையும் எலியும் அவர் காலடியில் ஒரே தட்டில் உண்பது போல வரைவார்கள். அது மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. ஆனால் எந்த இனத்தவர் நோயுற்று வந்தாலும் அவர் வேற்றுமை பாராமல் பணி செய்தது வரலாறு. 1962-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. துடைப்பம் பிடித்த கையைப் பீடத்தில் ஏற்றிவைத்த படம் அது!

அடுத்தவர் நம் தமிழர் நன்கறிந்த தேவசகாயம் பிள்ளை. முழந்தாளிட்டு, கைகளில் விலங்குடன் காட்சி தருவார். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணி செய்தவர். கால்நடைகள் மடிந்து, பயிரும் பொய்த்து அவர் மனமுடைந்திருந்த வேளையில், டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். அனைத்தையும் இழந்தும் நம்பிக்கை இழக்காத யோபு அவருக்குத் தெம்பூட்டினார். 1745-இல் திருமுழுக்குப் பெற்றார், 1749-இல் சிறைப்பட்டார், 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நாம் நடத்திய ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது, ஒரு சிறுவன் எழுந்து, “சார், சாமி ஏன் அவரைக் காப்பாத்தல?” என்று கேட்டான். அவன் தந்தையை இழந்து மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பிறகு ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டி, டிலனாய் அருகில் உட்கார்ந்து பேசும் படத்தைக் காட்டினோம். “ஏன் என்பது நமக்கும் தெரியவில்லை, தம்பி. ஆனால் அவர் துன்பப்பட்டபோது பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார், பார்” என்றோம். அவன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. புனிதர் கதைகளைச் சொல்லி, ‘எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்’ என்று பிள்ளைகளின் வாயை அடைப்பது தவறு. சூடான் நாட்டில் ஏறத்தாழ 1869-இல் பிறந்த பக்கீத்தாவைப் பாருங்கள். சிறுமியாக இருந்தபோதே கடத்தப்பட்டு, பல கைகள் மாறி விற்கப்பட்டார். பெற்றோர் வைத்த பெயரே மறந்துபோனது. ‘பக்கீத்தா’ என்றால் ‘பாக்கியவதி’ என்று பொருள். கடத்தியவர்கள் சூட்டிய பெயர் அது! இத்தாலிக்குக் கொண்டுவரப்பட்டு, வெனிஸ் நகரில் கன்னியர் மடமொன்றில் விடப்பட்டார். எசமானி திரும்ப அழைக்க வந்தபோது, ‘வரமாட்டேன்’ என்று உறுதியாகக் கூறிவிட்டார். வழக்கு மன்றம் சென்றது. அவர் அடிமையல்லர் என்று 1889-இல் தீர்ப்பாயிற்று. பின்னர் அவரும் கன்னியரானார். தமக்குக் கொடுமை செய்தவர்களை மன்னித்தார். ஆனால் அடிமை வாழ்வுக்குத் திரும்பவில்லை. மன்னிப்பு வேறு, அநீதிக்குத் தலைவணங்குவது வேறு என்பதை அவர் படத்தில் அறுந்து கிடக்கும் சங்கிலி கூறுகிறது. 2000-இல் அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

பெற்றோர்களே, வாரத்தில் ஓர் இரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இத்தகைய புத்தகத்தை எடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை படிக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டி படத்தைப் பார்த்துக் கதை சொல்லட்டும். துன்பம் மிகுந்த பக்கத்தில் சற்று நில்லுங்கள். ‘இவர் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார்? இவருக்குத் துணை நின்றவர் யார்?’ என்று கேளுங்கள். பிறகு நம் லயத்தில் இன்று துணை தேவைப்படுபவர் யார் என்றும் கேளுங்கள். சைவக் குடும்பத்தினர் நாயன்மார் சரிதத்தையும் இவ்வாறே படிக்கலாம்.

புத்தகம் அரிசி வாங்கித் தராது. மருந்துக்குப் பணமும் தராது. ஆனால் நாளைக் காலையில் எழுந்து நிற்கும் தெம்பைத் தரும். நமக்கு முன்னே இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு என்று காட்டும். அந்தத் தூசியைத் தட்டி எடுப்போமாக.