அயல்நாட்டில் ஒரு தொலைபேசி எண்

பிறந்த ஊரில் நம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அண்டை வீட்டார் நம்மை அறிவர், கடைக்காரர் அறிவர், அஞ்சற்காரர் நம் பெயரைக் கண்டதும் வீட்டையும் உணர்ந்துகொள்வர். கடல் கடந்து வேற்று நாட்டில் காலடி வைத்த அன்றே இந்நிலை மாறிவிடுகிறது. "நீ யார்? எங்கே தங்கியிருக்கிறாய்? உன்னை எந்த எண்ணில் அழைப்பது?" என்னும் மூன்று வினாக்கள் செல்லுமிடமெல்லாம் நம்மை எதிர்கொள்கின்றன. முதல் வினாவுக்குக் கடவுச்சீட்டு விடை கூறும். இரண்டாவதற்கு வாடகை வீடோ மாணவர் விடுதியோ விடையாகும். மூன்றாம் வினாவுக்கு அந்நாட்டுக் கைப்பேசி எண் ஒன்றே விடையாக முடியும். வீட்டை வாடகைக்குப் பெறவும், வங்கியில் கணக்குத் தொடங்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் இவ்வெண் கேட்கப்படுகிறது. இதனைப் பெறுவதில் உள்ள இடர்களையும் அவற்றைக் கடக்கும் முறையையும் ஜப்பான் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

கம்பியில்லாக் கைப்பேசித் துறையில் ஜப்பான் முன்னோடி நாடுகளுள் ஒன்று. நிலப்பரப்பைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் அலைக்கோபுரத்தை நிறுவிப் பேசும் முறை, 1979-ஆம் ஆண்டிலேயே டோக்கியோ நகரில் மோட்டார் வண்டிகளுக்கென நடைமுறைக்கு வந்தது. இன்று அந்நாட்டில் டோகோமோ, ஏயு, சாஃப்ட்பேங்க், ரக்குடென் என்னும் நான்கும் சொந்தக் கோபுரங்களைக் கொண்ட பெரிய சேவைகளாக விளங்குகின்றன. இவற்றின் அலைவழிகளை மொத்தமாக வாடகைக்குப் பெற்றுக் குறைந்த கட்டணத்தில் சேவை தரும் சிறு நிறுவனங்களும் பல உள்ளன. இத்தனை நிறுவனங்கள் இருந்தும், புதிதாக வந்த அயல்நாட்டார் ஒருவர் கடைக்குச் சென்று, காய்கறி வாங்குவது போல ஓர் எண்ணை வாங்கிவிட முடியாது. அதற்குக் காரணம் உண்டு.

இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒருவகை வஞ்சகம் பரவியது. முதியோர் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும். எடுத்தால், "நான்தான், நான்தான்" என்று பதறும் குரல் கேட்கும். தம் மகனோ பேரனோ இடரில் சிக்கிக்கொண்டான் என்று நம்பிய முதியோர், வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தை வஞ்சகருக்கு அனுப்பிவிடுவர். குற்றவாளிகளைத் தேடிச் சென்றால், அவர்கள் பயன்படுத்திய கைப்பேசி வேறு எவர் பெயரிலோ இருக்கும். இக்கொடுமையைத் தடுக்கும் பொருட்டு 2005-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பேசும் வசதியுள்ள எண்ணை வழங்குமுன், அதனைப் பெறுபவரின் பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றைச் சான்றுகளைக் கொண்டு நிறுவனம் சரிபார்த்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே, கடையில் கேட்கப்படும் கேள்விகள் அயல்நாட்டாரை அவமதிப்பதற்காக எழுந்தவை அல்ல. எளியோரைக் காப்பதற்காக எழுந்தவையே ஆகும்.

சில நாள் சுற்றிப் பார்க்க வருவோருக்கு இத்துணைத் தொல்லை இல்லை. அவர்கள் விமான நிலையத்திலேயே, இணையத்தை மட்டும் பயன்படுத்த உதவும் சிம் அட்டையை வாங்கிக்கொள்ளலாம். அட்டையே இல்லாமல் கருவியினுள் பதிவாகும் இ-சிம் முறையும் உண்டு. இவற்றால் வரைபடம் பார்க்கலாம். வீட்டாருக்குச் செய்தி அனுப்பலாம். ஆனால், இணையத்துக்கு மட்டுமே உரிய அட்டைக்குப் பேசும் எண் இல்லை. காவல்துறைக்குரிய 110 என்னும் எண்ணையோ, தீயணைப்புக்கும் மருத்துவ ஊர்திக்கும் உரிய 119 என்னும் எண்ணையோ அதைக் கொண்டு அழைக்க இயலாது. எனவே, கல்விக்காகவோ தொழிலுக்காகவோ நெடுங்காலம் தங்குவோர் குரல் வசதியுள்ள எண்ணைப் பெறுவதே அறிவுடைமை. இத்தகைய எண் பெரும்பாலும் 070, 080, 090 ஆகிய தொடக்கங்களுள் ஒன்றைக் கொண்டு பதினோர் இலக்கங்களில் அமையும்.

இங்கேதான் புதிதாக வந்தவன் ஒரு சுழலுள் சிக்குகிறான். கைப்பேசிக் கடையில், மாதக் கட்டணத்தைச் செலுத்த வங்கிக் கணக்கோ கடனட்டையோ உண்டா என்று வினவுகின்றனர். வங்கிக்குச் சென்றால், தொடர்பு எண் யாது என்று வினவுகின்றனர். எண் இல்லாமல் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் எண் இல்லை. வாசற்கதவின் திறவுகோலை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியவன் நிலை போன்றது இது.

இச்சுழலிலிருந்து வெளிவரும் வழி, செயல்களை முறைப்படி வரிசையாகச் செய்வதேயாகும். மூன்று திங்களுக்கு மேல் தங்கும் இசைவு பெற்று வரும் அயல்நாட்டாருக்கு வசிப்பிட அட்டை ஒன்று வழங்கப்படுகிறது. இம்முறை 2012-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. நரிதா, ஹனேடா முதலிய பெரிய விமான நிலையங்களில் வந்திறங்கியவுடனே இவ்வட்டை கையில் கிடைத்துவிடும். ஆயினும் அப்பொழுது அதில் முகவரி இராது. தங்குமிடம் உறுதியான பதினான்கு நாள்களுக்குள் அப்பகுதி நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று அறிவித்தல் வேண்டும். அங்கே அட்டையின் பின்புறத்தில் முகவரியைப் பதித்துத் தருவர். முகவரி பதிந்த அட்டையே அடுத்த கதவுகளையெல்லாம் திறக்கும் திறவுகோல். முகவரி பதியாத அட்டையுடன் கடைக்குச் செல்வோர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

அட்டை கிடைத்தபின் கட்டணம் செலுத்தும் வழியை ஆராய்தல் வேண்டும். தாய்நாட்டுக் கடனட்டையை ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் சில உள்ளன. இரவும் பகலும் திறந்திருக்கும் சிறுகடைகளில் மாதந்தோறும் பணமாகச் செலுத்த இசையும் நிறுவனங்களும் உள்ளன. இவ்வாறு முதலில் எண்ணைப் பெற்றுப் பின்னர் வங்கிக் கணக்கைத் தொடங்கினால் சுழல் அறுபட்டுவிடும். கல்லூரிகளில் அயல்நாட்டு மாணவர்க்கு உதவும் அலுவலர் இருப்பர். அவரை முதல் வாரத்திலேயே அணுகிக் கேட்டல் நன்று.

தமிழர்க்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அது பெயரைப் பற்றியது. ஜப்பானிய விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும், தன் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும். குடும்பப் பெயரே முன்னே வரும். தமிழர் பலருக்கோ குடும்பப் பெயர் என்பதே இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே உண்டு. ஆதலால் தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னும், மற்றோரிடத்தில் பின்னும், வேறோரிடத்தில் எழுத்தளவாகவும் பதிந்துவிடக்கூடும். அன்றியும், அயற்சொற்களை எழுதப் பயன்படும் கத்தகானா எழுத்துகளில் பெயரின் ஒலிப்பைக் குறிக்கச் சொல்வர். அவ்வெழுத்து முறையில் லகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை. 'கலா' என்பதும் 'கரா' என்பதும் ஒரே வகையாக எழுதப்படும். பல்கலைக்கழகம், வங்கி, கைப்பேசி நிறுவனம் ஆகிய மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் இன்றியமையாதது. ஓர் எழுத்து மாறினும், அவர் வேறு, இவர் வேறு என்று கணக்கு மறுக்கப்படக்கூடும். எனவே, வசிப்பிட அட்டையில் உள்ளவாறே பெயரை எழுதுவதையும், முதலில் எழுதிய கத்தகானா வடிவத்தையே எங்கும் எழுதுவதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இனிக் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவோம். கைப்பேசிக் கருவி வேறு, சேவை வேறு. முற்காலத்தில் ஒரு நிறுவனத்தில் வாங்கிய கருவி பிற நிறுவனத்தின் சிம் அட்டையை ஏற்காதவாறு பூட்டப்பட்டிருந்தது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் விற்பனைக்கு வரும் கருவிகளில் இப்பூட்டு பொதுவாக விலக்கப்பட்டது. தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்த கருவியிலும் ஜப்பானிய அட்டையைப் பொருத்தலாம். எனினும் அந்நாட்டு அலைவரிசைகளை அது ஏற்குமா என்று முன்னரே சரிபார்த்தல் வேண்டும். மூன்றாம் தலைமுறை அலைச்சேவையை ஏயு 2022-இலும், சாஃப்ட்பேங்க் 2024-இலும் நிறுத்திவிட்டமையால், நான்காம் தலைமுறை அலை வழியே குரலைச் செலுத்தும் திறன் கருவிக்கு இருத்தல் அவசியம். புதிய கருவியைத் தவணையில் வாங்க விரும்புவோரிடம், எஞ்சியுள்ள வசிப்புக் காலம் தவணைக் காலத்திற்குப் போதுமா என்று பார்ப்பதும் உண்டு.

சேவைத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதற்குச் சிறு கணக்கறிவு போதும். பெரிய நிறுவனங்களில் பேச்சுக்கட்டணம் பொதுவாக முப்பது விநாடிக்கு 22 யென். பத்து நிமிடம் பேசினால் இருபது முப்பது விநாடிகள் ஆகின்றன. கட்டணம் 440 யென். நாள்தோறும் அவ்வாறு பேசினால் முப்பது நாளில் 13,200 யென் ஆகிவிடும். இணைய வழியே பேசினால் இச்செலவு இல்லை. கட்டணங்கள் மிகுதியாக உள்ளன என்று அந்நாட்டு மக்களே குறைகூறி வந்தனர். 2020-இல் தலைமையமைச்சரான யோஷிஹிடே சுகா அவற்றைக் குறைக்குமாறு வற்புறுத்தினார். அதன் விளைவாக 2021 மார்ச்சில், மாதம் 2,970 யென்னுக்கு 20 கிகாபைட் இணையப் பயன்பாட்டையும், ஐந்து நிமிடத்திற்கு மேற்படாத உள்நாட்டு அழைப்புகளையும் தரும் திட்டத்தை டோகோமோ தொடங்கியது. பிற நிறுவனங்களும் தம் கட்டணங்களைக் குறைத்தன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள தொகையை மட்டும் நோக்காமல், அத்தொகை எத்தனை மாதத்திற்கு, அளவு தீர்ந்தபின் நிலை என்ன, வரி சேர்ந்ததா என்னும் மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது ஒப்பந்தத்திற்கும் பொருந்தும்.

ஒப்பந்தம் செய்தபின்னும் சட்டம் நம்மைக் கைவிடுவதில்லை. 2016 மே முதல், ஒப்பந்தத் தாள் கிடைத்த எட்டு நாள்களுக்குள், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதனை விலக்கிக்கொள்ள வழிவகை செய்யப்பட்டுள்ளது. இடையில் விலகுவோரிடம் பெருந்தொகை தண்டும் வழக்கமும் 2019 அக்டோபரில் கட்டுப்படுத்தப்பட்டு, விலகற் கட்டணத்திற்கு வரி நீங்கலாக 1,000 யென் என்னும் உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2006 முதல் உண்டு. முதுமை பெற்றோரின் கையொப்பமின்றித் தாமே ஒப்பந்தம் செய்யும் வயது 2022 ஏப்ரலில் இருபதிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டமையால், பள்ளிப்படிப்பை முடித்துச் செல்லும் மாணவர் தாமே கையொப்பமிடலாம். உரிமை வந்த இடத்தில் பொறுப்பும் வரும் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

இவ்வெண்ணின் அருமை பேரிடர்க் காலத்தில்தான் முழுமையாக விளங்கும். 2011 மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்குப் பகுதியைப் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. எல்லோரும் ஒரே நேரத்தில் உறவினரை அழைக்க முற்பட்டமையால், நிறுவனங்கள் குரல் அழைப்புகளில் 70 முதல் 95 விழுக்காடு வரை கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. இத்தகைய வேளைகளுக்கென 1998 முதல் 171 என்னும் எண் வகுக்கப்பட்டுள்ளது. இடருற்றவர் அவ்வெண்ணை அழைத்துத் தம் தொலைபேசி எண்ணின்கீழ், "நலமாக இருக்கிறேன்" என்று குரற்செய்தியைப் பதிந்து வைக்கலாம். அவருடைய எண்ணை அறிந்த உறவினர் 171-ஐ அழைத்து அச்செய்தியைக் கேட்கலாம். ஒவ்வொரு மாதமும் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் இதனைப் பயின்று பார்க்க இடமளிக்கின்றனர். எண் இல்லாதவன் குரல் அந்நாளில் எங்கே தேடப்படும்?

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "உன் பெயரில் ஒரு சிம் அட்டை எடுத்துக் கொடு, பணம் தருகிறேன்" என்று நயமாகப் பேசுவோர் எந்நாட்டிலும் உண்டு. உறவினரோ உடன் வாழ்வோரோ அல்லாதவர்க்கு, நிறுவனத்தின் இசைவின்றி எண்ணைக் கைமாற்றுவதை முன்னர்க் கூறிய சட்டம் தடுக்கிறது. அவ்வட்டை வஞ்சகர் கையில் சேர்ந்தால், எங்கோ ஒரு முதியவள் தன் சேமிப்பை இழப்பாள். காவலர் தேடி வருவதோ பெயருக்குரியவனையே ஆகும். படிப்போ பணியோ முடிந்து தாயகம் திரும்பும்பொழுதும், ஒப்பந்தத்தை முறையாக முடித்து, எஞ்சிய தவணையைச் செலுத்திய பின்னரே விமானம் ஏற வேண்டும். ஒருவர் செய்த பிழை, அவருக்குப் பின் வரும் அவர் நாட்டார் அனைவர்மீதும் ஐயத்தை விளைவிக்கும்.

அயல்நாட்டில் கிடைக்கும் அப்பதினோர் இலக்கங்கள் வெறும் எண்கள் அல்ல. "இவன் இன்னான், இவ்விடத்தில் வாழ்கிறான், அழைத்தால் விடை தருவான்" என்று அந்நாடு நம்மீது வைக்கும் நம்பிக்கையின் அடையாளம் அவை. அந்த நம்பிக்கையைப் பொறுமையுடன் பெறுதலும், நேர்மையுடன் காத்தலும், பழுதின்றித் திருப்பி ஒப்படைத்தலும் கடல் கடந்து செல்வோர் கடமையாகும்.