கண்டி நடனம்: சில நாள்களில் என்ன கற்கலாம், எதைத் தொடக் கூடாது?

இலங்கையின் கண்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் தலதா மாளிகையையும் ஏரியையும் பார்த்துவிட்டு, மாலையில் நடன நிகழ்ச்சிக்குப் போவது வழக்கம். 'இதை நாமும் கொஞ்சம் கற்றுக்கொள்ள முடியுமா?' என்று சிலருக்கு ஆசை வரும். முடியும். ஆனால், சில நாள்களில் எது சாத்தியம் என்பது தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

முதல் பாடம், நிற்பது!

முழங்கால்களை இருபக்கமும் விரித்து மடக்கி, முதுகு வளையாமல் நிற்க வேண்டும். சிங்களத்தில் இதன் பெயர் 'மண்டிய'. பரதம் படித்தவர்களுக்கு உடனே அரைமண்டி ஞாபகம் வரும். அடுத்தது 'பா சரம்ப' எனும் கால் பயிற்சிகள். ஒரே அடியை மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுவார்கள். முதல் நாளே தொடை வலிக்கும்.

மேளம்தான் வாத்தியார்

கண்டி நடனத்துக்கு வாசிப்பது 'கெட பெரய'. இடுப்பில் கட்டி, இரு கைகளாலும் அடிக்கும் மேளம். தத், ஜித், தொங், நங் ஆகிய நான்கும் இதன் அடிப்படைச் சொற்கள். நம்மூர் மிருதங்க வகுப்பு போலவே, வாயால் சொல்லிப் பழகிய பிறகுதான் கையால் வாசிப்பு. ஆடுபவருக்கும் இந்தச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் நடனம் வந்துவிடாது. ஆனால், இந்த நான்கு சொற்கள் காதில் பதிந்துவிட்டால், அடுத்த நிகழ்ச்சியை வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

பிறகு வருபவை 'வன்னம்' எனும் உருப்படிகள். மொத்தம் 18. கஜகா வன்னத்தில் யானையின் நடை, மயூரா வன்னத்தில் மயிலின் அழகு. இவற்றுக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

'வெஸ்' விளையாட்டுப் பொருள் அல்ல

வெள்ளியாய் மின்னும் தலையணியைப் பார்த்ததும், போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுக்கத் தோன்றும். வேண்டாம். கோஹொம்ப கங்காரிய என்ற சடங்கில் பிறந்த கலை இது. வெஸ் அதன் புனித அணி. பல வருடப் பயிற்சிக்குப் பிறகு, நல்ல நேரம் பார்த்து, தனிச் சடங்கு நடத்தியே சீடனுக்குச் சூட்டுவார்கள். நீண்ட காலம் அது ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

அப்படிப்பட்ட கலையை நவீன மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சித்ரசேன (1921-2005). அவரே திருவிதாங்கூரில் கதகளி கற்கவும், சாந்திநிகேதனுக்கும் வெளியூர் மாணவராக வந்தவர்தான். பெண்கள் ஆடாத கலையில் முன்னணிக் கலைஞராக உயர்ந்த அவர் மனைவி வஜிராவுக்கு, 2020-ல் இந்தியா பத்மஸ்ரீ அறிவித்தது.

கிளம்பும் முன்...

தளர்வான பருத்தி உடை போதும், ஆடுவது வெறுங்காலில்தான். சாப்பிட்ட உடனே வகுப்புக்குப் போகாதீர்கள். வீடியோ எடுக்கும் முன் குருவிடம் அனுமதி கேளுங்கள். மேளத்தைத் தாண்டிப் போவதோ, அதன் மேல் கால் படுவதோ கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே மரியாதைதான், அங்கேயும்!