நாமக்கல் மலைக்குகையில் ஒரு ராஜா பெயர்: அதியமான் வம்சம் எத்தனை நூற்றாண்டு ஓடியது?

நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் பலர், எதிரே மலையில் குடைந்த நரசிம்மர் குகையை எட்டிப் பார்ப்பதோடு சரி. மலையின் மறுபக்கத்தில் ரங்கநாதர் குகை இருக்கிறது. அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு அந்தக் கோயிலுக்கு ஒரு பெயர் சொல்கிறது: 'அதியேந்திர விஷ்ணு கிருஹம்'. அதாவது, அதியர் குல அரசன் எடுத்த விஷ்ணு கோயில். அரசன் பெயர் குணசீலன். காலம் 8-ம் நூற்றாண்டு.

அதியர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான்தான். அவன் சங்க காலத்து ஆள் ஆச்சே, 8-ம் நூற்றாண்டில் எப்படி?

யார் இந்த அதியர்?

தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியைத் தலைநகராகக் கொண்டவர்கள். கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று புறநானூறு சொல்கிறது. பிலிக்கல்பாளையம் வெல்ல மண்டிப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்!

சங்க கால அதியமான் நெடுமான் அஞ்சி, மலையமான் காரியின் கோவலூரைத் தாக்கி வென்றான். காரி சேரனிடம் போய்ச் சேர்ந்தான். சேரனுக்காகக் கொல்லிமலை ஓரியைக் கொன்று, மலையை அவனிடமே கொடுத்தான். அடுத்த குறி தகடூர். அதை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறைக்குப் பட்டமே 'தகடூர் எறிந்த' என்று ஒட்டிக்கொண்டது. அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. அவனையும் ஔவை பாடியிருக்கிறார்.

இதெல்லாம் வெறும் பாட்டுக் கதையா?

அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுதோ' என்றும் ஒரு பெயர் வருகிறது. அது யார் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற ஊரில் ஒரு தமிழ் பிராமி கல்வெட்டு வெளிச்சத்துக்கு வந்தது. 'சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி' கொடுத்த கற்படுக்கை என்று ஒரே வரி. பாட்டில் இருந்த பெயர் கல்லிலும் இருந்தது.

தகடூர் விழுந்த பிறகு?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. அஞ்சிக்கும் குணசீலனுக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. அப்பா, மகன், பேரன் என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. 8-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் ஓர் அதியனோடு போர் செய்தான். அந்த அதியனுக்கு உதவ வந்தவர்கள் பல்லவரும் சேரரும்! 1116 வாக்கில் தலக்காட்டைச் சோழருக்காகக் காத்து நின்றவனும் ஓர் அதியமான். ஹொய்சளப் படையிடம் அவன் தோற்றான்.

போளூர் அருகே திருமலை சமணத் தலத்தில் 12-13-ம் நூற்றாண்டையொட்டிய கல்வெட்டு இருக்கிறது. விடுகாதழகிய பெருமாள் என்ற தகடூர்த் தலைவன், எழினி செய்து வைத்த இயக்கன், இயக்கி சிலைகள் சிதைந்துகிடந்ததைப் பார்த்துச் சீர்செய்ததாக அது சொல்கிறது. எழினியைத் தன் முன்னோன் என்கிறான். அதோடு நிற்கவில்லை. அந்த எழினி சேர வம்சமாம்!

தகடூரை அழித்த அதே சேரர். இத்தனை தலைமுறை தாண்டியபின் தோற்ற வீட்டு வாரிசு, ஜெயித்த வீட்டு வம்சத்தில் தன் பெயரை எழுதிக்கொள்கிறான். ரத்த உறவா, திருமண உறவா, இல்லை கௌரவத்துக்குச் சேர்த்த வரியா? ஆவணம் எதையும் உறுதி செய்யவில்லை. இடைக்கால ஜெர்மனியில் ஒரு கோட்டையின் பெயரைத் தங்கள் குலப்பெயராக்கிக்கொண்ட பிரபுக்களும் உண்டு. நிலத்தின் மேல் உரிமை சொல்ல, ஒரு பழைய பெயர் பெரிய முதலீடு. குணசீலனும் அதைத்தான் பாறையில் வெட்டி வைத்தான்.

அடுத்த முறை நாமக்கல் போனால், கோட்டைமலையைச் சுற்றி மறுபக்கமும் போய்ப் பாருங்கள். கார்க்கோடகன் மேல் ரங்கநாதர் படுத்திருக்கும் குகை அது.