தட்டையாகிப்போன வரைபடம்: பிழை எண்ணிலா, திரையிலா?

பெருந்திரளான எண்களைக் கணக்கிட்டு, அவற்றைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் திரையில் வரைந்து காட்டுபவை எண்முறைக் கணிப்பு மென்பொருள்கள் எனப்படுகின்றன. விலை கொடுத்து வாங்கும் மேட்லேபும், ஜான் டபிள்யூ. ஈட்டன் 1992இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருளான ஆக்டேவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் வரைபடம் கோணலாக வந்தால், கோளாறு எண்களில் இருக்கிறதா, வரையும் பொறியில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய வழி, வடிவம் முன்பே தெரிந்த சைன் அலையை வரையச் செய்து பார்ப்பதாகும். அலை ஒழுங்காக வந்தால் பொறி நலமாக உள்ளது, எண்களைத்தான் சோதிக்க வேண்டும்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையின் அன்றாட நீர்மட்டத்தை ஒருவர் வரைவதாகக் கொள்ளலாம். அணையின் உயரம் 46 அடி. அளவு எடுக்கப்படாத நாளுக்கு −999 என்று குறிப்பது தரவேடுகளில் உள்ள வழக்கம். மென்பொருளோ அதையும் நீர்மட்டமாகவே கொண்டு, செங்குத்து அச்சை அவ்வளவு கீழே நீட்டிவிடுவதால், பருவமழையின் ஏற்றமெல்லாம் படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குகூடப் பெறாமல் ஒரே தட்டையான கோடாகிவிடும். அவ்விடத்தில் சுழியை இட்டால் அணை ஒரே நாளில் வறண்டதுபோலத் தோன்றும். ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நேன்’ குறியீட்டை இடுவதே முறை. கோடு அங்கே அறுபட்டு, அளவு இல்லை என்பதை உள்ளபடி காட்டும். ஆனால் இரு நேன்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ஓர் அளவு, புள்ளிக்குறி இடாவிட்டால் கண்ணுக்கே தெரியாது.

தேதியும் குழப்பம் விளைவிக்கும். நவம்பர் 1ஐ 01/11 என்று எழுதினால், மாதத்தை முன்வைக்கும் அமெரிக்க முறைப்படி படிக்கும் மென்பொருள் அதை ஜனவரி 11 எனக் கொள்ளும். இவ்வாறே நவம்பரின் முதல் 12 நாள் அளவுகளும் மாதத்திற்கு ஒன்றாக ஆண்டு முழுவதும் சிதறிவிடும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது இதைத் தவிர்க்கும்.

சைன் அலையே வராமல் சாளரம் வெறுமையாக நின்றால், பொறியை ஐயுற வேண்டும். ஆக்டேவில் கியூட்டி, நூப்ளாட் முதலிய வரைகருவிகள் உள்ளன. கியூட்டி, ஓப்பன்ஜிஎல் என்னும் வரைகலை நிரல்தொகுதியைச் சார்ந்தது. நூப்ளாட்டுக்கு மாற்றியதும் படம் வந்துவிட்டால், கணினியின் வரைகலை டிரைவரைப் புதுப்பிப்பதே பெரும்பாலும் தீர்வாகும். படம் வந்து தமிழ்ப் பெயர்கள் மட்டும் கட்டங்களாகத் தெரிந்தால், தேர்ந்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்று கொள்ளலாம்.

திருத்திய பின்னும், படத்தின் அழகை நம்பாமல், மிகக் குறைந்த, மிக உயர்ந்த மதிப்புகளை அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. கோமுகியின் நீர்மட்டம் சுழிக்குக் கீழோ 46 அடிக்கு மேலோ காட்டப்பட்டால், தரவேட்டை மீண்டும் திறக்க வேண்டியதுதான்.