முதியோர் இல்லங்களுக்குப் பசுஞ்சோலை
செஞ்சிப் பகுதிக்கு ஏற்ற சில யோசனைகள்

ஆயுள் முழுவதும் மேழி பிடித்த கைக்கு முதுமையில் சும்மா இருத்தல் ஒவ்வாது. செஞ்சியைச் சூழ்ந்த கிராமங்களில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வாழ்ந்த குடியானவர் பலரின் மக்கள், பிழைப்பை நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிடுகின்றனர். ஊரில் தனித்திருக்க இயலாத பெற்றோர் சிலர் முதியோர் இல்லங்களை அடைகின்றனர். அங்கே உணவும் மருந்தும் குறைவின்றிக் கிடைப்பினும், கட்டிலும் சுவருமே நாள் முழுவதும் அவர்களுக்குக் காட்சியாயிருப்பின், உடலுக்கு முன் உள்ளம் தளர்கின்றது.

பசுமையால் விளையும் நன்மையை ஆராய்ந்தோர் உண்டு. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து வைத்தியசாலை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் குறிப்புக்களை ரோஜர் அல்ரிச் என்பவர் ஒப்பிட்டு, 1984-ல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரினும் விரைவில் வீடு திரும்பினர். வலி நீக்கும் கடுமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. கனெக்டிகட் மாகாணத்து முதியோர் விடுதியொன்றில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி 1976-ல் வெளிவந்தது. ஒரு பகுதியாரிடம் ஆளுக்கொரு செடி கொடுத்து, அதைக் காப்பதும் தம் அன்றாடக் காரியங்களை முடிவு செய்வதும் அவர்கள் பொறுப்பே என்றனர். மற்றப் பகுதியாரின் செடிகளுக்குத் தாதியரே நீர் வார்த்தனர். பொறுப்பேற்றவர்களிடமே ஊக்கம் மிகுந்து காணப்பட்டது. இவை சிறு ஆராய்ச்சிகளே. எனினும் விவசாயியின் அநுபவத்துக்கு முரண்பட்டவை அல்ல.

நம் நாட்டிலும் வழிகாட்டி உண்டு. 2004 டிசம்பர் 26-ல் நேர்ந்த சுனாமிக்குப் பின், ஆதரவற்ற முதியோருக்காக ஹெல்ப்பேஜ் இந்தியா ஸ்தாபனம் கடலூர் ஜில்லாவில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை நிறுவியது. அங்கே முதியோர் தம்மால் இயன்ற அளவு தோட்ட வேலையிலும் பங்கு கொள்கின்றனர்.

பாதையும் இருக்கையும்

செஞ்சியில் பாறையின் அனல் மிகுதி. ஆகையால் காலை, மாலை இருவேளையும் நிழல் விழும் இடத்தையே தெரிந்துகொள்ளல் வேண்டும். பாதை 5 அடிக்குக் குறையாத அகலமும், வழுக்காத சொரசொரப்பான தளமும் உடையதாயிருத்தல் நலம். மெருகிட்ட கருங்கல் மழையில் வழுக்கும், வெயிலில் சுடும். ஏற்றம் வேண்டுமிடத்துப் படிக்கட்டு அமைக்காது, 12 அடி நீளத்துக்கு 1 அடி மேல் உயராத சரிவு அமைத்து, கைப்பிடிக் கம்பியும் இட வேண்டும். மறதி நோயுற்றோர் திகைத்து நிற்காதபடி, பாதை முட்டுச்சந்தாக முடியாமல் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வருதல் அவசியம். முப்பது அடிக்கொன்றாக, சாய்மானமும் கைதாங்கியும் உள்ள இருக்கை வேண்டும்.

உயர்ந்த பாத்தி

குனிந்து களை பறிக்க இயலாதோருக்கு, செங்கல்லால் 2 முதல் 2½ அடி உயரம் எழுப்பிய பாத்தியே தக்கது. இருபுறமும் நின்று வேலை செய்வதாயின் அகலம் 4 அடியும், ஒருபுறம் மட்டுமாயின் 2 அடியும் போதும். அடியில் உடைந்த செங்கல்லைப் பரப்பி, நீர் வடியத் துளைவிட்டு, மேலே செம்மண், மக்கிய தொழுவுரம், மணல் கலந்து நிரப்புக. முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாள் அளவில் பறிப்புக்கு வருவதால், விதைத்தவரே பலனைக் காண்பர். பின்னர் வெண்டை, அவரை, தக்காளி முதலியன பயிரிடலாம். பார்வை குன்றியோர்க்கு மணமே வழிகாட்டி. ஆதலால் துளசி, மரிக்கொழுந்து, முல்லை ஆகியவற்றைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தல் வேண்டும்.

மரமும் நீரும்

வேம்பு, புங்கு, பூவரசு ஆகியன இம்மண்ணுக்கு ஏற்ற நிழல் மரங்கள். ஐப்பசி மழைத் தொடக்கத்தில் நட்டால் வேர் பிடிப்பது எளிது. நாவல் மரத்தைப் பாதையோரம் வைத்தல் ஆகாது. உதிர்ந்த பழம் காலை வழுக்கும். நஞ்சுள்ள அரளியையும் ஊமத்தையையும் அறவே விலக்குக. பாம்பு அடையாதபடி பாதையருகே புதர் இன்றிக் காத்தலும், கொசு பெருகாதபடி நீர் தேங்காமற் செய்தலும் நிர்வாகிகளின் கடமை. குளியலறை நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பினால் கிணற்று நீர் மிச்சமாகும்.

யாவருக்கும் உரிய கடமை

தாய் தந்தையர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் நிறைவேறியது. ஜில்லாவுக்கு ஒன்றேனும், 150 பேருக்குக் குறையாமல் தங்கத்தக்க முதியோர் இல்லம் ஏற்படுவதற்கு அதன் 19-ஆம் பிரிவு வழி செய்கின்றது. கட்டடத்துக்குத் திட்டம் வரையும்போதே தோட்டத்துக்கும் இடம் ஒதுக்குமாறு கிராம அதிகாரிகள் எடுத்துரைக்கலாம். ஏரிக்கரையையும் நீர்வழியையும் மட்டும் இதன்பொருட்டுத் தொடலாகாது. நிலமுடையோர் ஒரு வண்டி தொழுவுரமும், சில கன்றுகளும், ஒரு நாள் ஆள்வேலையும் உதவினால், சிறு இல்லமும் தோட்டம் தொடங்கிவிடலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. வேலையாள் வைத்து வளர்த்து முதியோருக்குக் காட்டும் தோட்டத்தால் பாதிப் பயனே விளையும். எதை விதைப்பது, எப்போது பறிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஐம்பது ஆண்டு பருவமறிந்து பயிரிட்டவரிடம் இன்று யோசனை கேட்பாரில்லை என்பதே அவர் மனக்குறை. இரண்டு பாத்தி நிலம் அதனைத் தீர்க்க வல்லது.