வார்டு விளக்கைச் சற்று அண்ணாந்து பாருங்கள்

நோயுற்றோரை நலம் விசாரிக்கச் செல்லும்போது வார்டின் கூரையையும் நோக்குங்கள். பழைய குழல்விளக்கு 40 வாட். அதன் சோக் தனியே ஏறத்தாழ 12 வாட் இழுக்கும். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதும். இரவு பகலாக எரியும் 100 விளக்குகளை மாற்றினால் நாளொன்றுக்கு 76 யூனிட் மிச்சம். ஜமாஅத்தாரின் நன்கொடையில் நடைபெறும் மருத்துவமனைக்கு இது சிறு தொகையன்று. வீண்விரயத்தை மார்க்கம் வெறுப்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் மலிவை மட்டும் கருதி வாங்கிவிடலாகாது. நிறங்களை உள்ளபடி காட்டாத ஒளியில் பச்சிளங் குழந்தையின் மஞ்சள் காமாலையும், மூச்சுத் திணறுபவரின் உதட்டு நீலமும் மருத்துவரின் கண்ணுக்குத் தப்பக்கூடும். நிறங்காட்டும் குறியீடு 90-க்குக் குறையாத விளக்கே பரிசோதனைக்கு ஏற்றது. இரவிலோ நீலங்கலந்த வெள்ளொளி உறக்கத்திற்குரிய மெலடோனின் சுரப்பைத் தடுக்கும். (அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் விழித்தே கிடப்பதற்கு வலி மட்டுமே காரணமன்று!) தாழ்வாகப் பொருத்திய மங்கலான மஞ்சள் விளக்கே செவிலியர் நடமாடப் போதும்.

கழற்றிய குழல்களில் பாதரசம் உண்டு. உடைக்காமல் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் உங்கள் வீட்டார் எவரேனும் இருப்பின், விளக்கு வாங்குமுன் அந்த 90 என்னும் எண்ணைக் கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள்.