இந்தியாவில் வீடும் விற்பனை வரியும்

விற்பனை வரி என்பது பொருளொன்று விலைக்குக் கைமாறும்போது அவ்விலையின் மீது அரசு விதிக்கும் மறைமுக வரி ஆகும். இந்தியாவில் சூலை 1, 2017 முதல் இதன் இடத்தைப் பெரும்பாலும் சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) எடுத்துக்கொண்டது. பெட்ரோல், மது போன்ற சிலவற்றுக்கு மட்டும் மாநிலங்களின் பழைய விற்பனை வரி தொடர்கிறது. வீடு அசையாச் சொத்து. சட்டத்தின் பார்வையில் அது சரக்கு அன்று. இதனால் ஒரே வீட்டை வாங்குவதும், பழுதுபார்ப்பதும், காப்பீடு செய்வதும் மூன்று வெவ்வேறு முறைகளில் வரிக்கு உட்படுகின்றன.

வரலாறு

இராஜாஜி தலைமையிலான அரசு, மதுவிலக்கால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்டும் பொருட்டுச் சென்னை மாகாணத்தில் 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1947-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, கட்டட ஒப்பந்தங்களில் பயன்படும் பொருட்களும் வரிக்குள் கொண்டுவரப்பட்டன. கேனன் டங்கர்லி என்னும் கட்டுமான நிறுவனம் இதை எதிர்த்து வழக்காடியது. கட்டித் தருமாறு கேட்பவர் செங்கல்லையோ சிமெண்டையோ விலைக்கு வாங்குவதில்லை. அவை நிலத்தோடு ஒன்றிக் கட்டடமாகவே அவரிடம் சேர்கின்றன. ஆகவே அங்கு பொருள் விற்பனை நிகழவில்லை என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் மாநிலங்களின் கையைக் கட்டிப்போட்ட தீர்ப்பு இது. 1982-இல் செய்யப்பட்ட அரசியலமைப்பின் 46-ஆவது திருத்தம், பணி ஒப்பந்தத்தில் அடங்கும் பொருட்களை விற்கப்பட்டவையாகக் கருதலாம் என்று கூறி அக்கட்டை அவிழ்த்தது. அதன் பின்னர் ஒப்பந்தத் தொகையில் பொருளின் பங்கு எவ்வளவு, கூலியின் பங்கு எவ்வளவு என்பதே ஓயாத வழக்காயிற்று. 2007 முதல் பணி ஒப்பந்தங்களின் மீது நடுவண் அரசின் சேவை வரியும் சேர்ந்துகொண்டதால் குழப்பம் இரட்டிப்பானது. ஜி.எஸ்.டி. சட்டம் அசையாச் சொத்து மீதான பணி ஒப்பந்தம் முழுவதையும் சேவை என வரையறுத்து இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

பழுதுபார்ப்பு

பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் பொருளும் ஆளும் சேர்த்து ஒரு வீட்டைப் பழுதுபார்த்தால் மொத்தத் தொகைக்கு 18% வரி உண்டு; பாதி நடுவண் அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் செல்லும். ரூ. 2,00,000 மதிப்புள்ள கூரை வேலைக்கு வரி ரூ. 36,000. அதே வேலைக்கு உரிமையாளரே ரூ. 1,20,000 விலையுள்ள, 18% வரிக்குரிய பொருட்களை வாங்கி, ரூ. 80,000 கூலிக்குப் பதிவு பெறாத கொத்தனாரை அமர்த்தினால் பொருட்களுக்கான ரூ. 21,600 மட்டுமே வரியாகும். சேவை வழங்குவோரின் ஆண்டு வருவாய் ரூ. 20 இலட்சத்தைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் அவர் பொதுவாகப் பதிவு பெற வேண்டியதில்லை என்பதே காரணம். குறைவது ரூ. 14,400, கூடுவது மேற்பார்வைப் பொறுப்பு. கூரை மீண்டும் ஒழுகினால் யாரைக் கேட்பது என்பதையும் சேர்த்தே இக்கணக்கைப் போட வேண்டும்.

கூலிக்கு மட்டுமான ஒப்பந்தத்துக்கு ஒரு வரிவிலக்கு உள்ளது. ஆனால் அது தனி வீடொன்றைப் புதிதாகக் கட்டும் பணிக்கே உரியது, பழுதுபார்ப்புக்கு அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். காம்போசிசன் திட்டத்தில் உள்ளவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. அவரது பற்றுச்சீட்டில் வரி தனியே காட்டப்பட்டிருந்தால் அது தவறானது. செப்டம்பர் 22, 2025 முதல் சிமெண்டு மீதான வரி 28%-இலிருந்து 18% ஆகக் குறைந்தது.

"பில் வேண்டாமென்றால் வரி இல்லை" என்னும் பேரம் பரவலாகக் காணப்படுவது. வரி ஏய்ப்பு என்பது ஒருபுறமிருக்க, பில் இல்லாத செலவைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மெய்ப்பிப்பது கடினம்.

காப்பீடு

பொதுக் காப்பீடு, 1994-இல் சேவை வரி தொடங்கியபோதே 5% விகிதத்தில் அதற்குள் வந்த துறைகளுள் ஒன்று. தற்போது வீட்டுக் காப்பீட்டுக் கட்டணத்துக்கு 18% வரி உண்டு, ரூ. 4,000 கட்டணத்துக்கு ரூ. 720. செப்டம்பர் 22, 2025 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. வீட்டுக் காப்பீடு அதில் அடங்காது. வீட்டுக் கடனோடு சேர்த்துத் தரப்படும் ஆயுள் காப்பீடு குழுக் காப்பீடாக இருப்பின் அதற்கும் விலக்கு இல்லை.

இழப்பீட்டுத் தொகை எதற்கும் விலையன்று என்பதால் அதைப் பெறுபவர் ஜி.எஸ்.டி. செலுத்த வேண்டியதில்லை. எனினும் அத்தொகையைக் கொண்டு செய்யும் மறுகட்டுமானத்துக்கு வரி உண்டு. வணிகரைப் போல உள்ளீட்டு வரி வரவு பெற வழியில்லாத வீட்டு உரிமையாளருக்கு இது முழுச் செலவே. வரி நீங்கலாக ரூ. 30 இலட்சம் எனக் காப்பீடு செய்த வீடு தரைமட்டமானால், ஒப்பந்ததாரர் மூலம் அதை மீண்டும் எழுப்ப ரூ. 35.4 இலட்சம் ஆகும். ஏப்ரல் 2021 முதல் நடப்பிலுள்ள பாரத் கிருக ரக்சா திட்டத்தில், குறைவாகக் காப்பீடு செய்ததற்காக இழப்பீட்டை விகிதப்படி வெட்டும் வழக்கம் கைவிடப்பட்டது. ஆயினும் காப்பீட்டுத் தொகையே கட்டடத்துக்கான உச்சவரம்பு. எனவே வரியையும் சேர்த்து அத்தொகையை நிர்ணயிப்பதே தக்கது.

வாங்குதல்

நிலத்துக்கும், பயன்பாட்டிலிருந்த பழைய வீட்டுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. கட்டி முடித்த புதிய வீட்டுக்கு, நிறைவுச் சான்றிதழ் பெற்ற பின்னரோ முதல் குடியேற்றத்துக்குப் பின்னரோ (எது முந்தியதோ அது) முழு விலையும் செலுத்தப்பட்டால் வரி இல்லை. முன்பணமாக ஒரு பகுதியை அதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அது கட்டுமானச் சேவையாகிவிடும்.

கட்டப்பட்டுவரும் அடுக்ககங்களுக்கு ஏப்ரல் 1, 2019 முதல் 5% வரி. விலை ரூ. 45 இலட்சத்துக்கு மிகாமலும், சுவர்களுக்குட்பட்ட பரப்பு பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கும் பிற இடங்களில் 90 சதுர மீட்டருக்கும் மிகாமலும் இருந்தால் 1% மட்டுமே. நில மதிப்பாக மூன்றில் ஒரு பங்கைக் கழித்த பின் கிடைக்கும் விகிதங்கள் இவை. ரூ. 60 இலட்சம் விலையுள்ள வீட்டுக்கு வரி ரூ. 3 இலட்சம். முடிந்த வீட்டை வாங்கினால் இத்தொகை முழுவதும் மிச்சம் என எண்ணுவது சரியன்று. சிமெண்டுக்கும் கம்பிக்கும் கட்டுநர் செலுத்திய வரிக்கு வரவு கிடைக்காததால் அது விலைக்குள்ளேயே மறைந்திருக்கும்.

முத்திரைத்தாள் தீர்வையும் பதிவுக் கட்டணமும் விற்பனை வரியல்ல. அவை எல்லா வகைக் கிரயத்துக்கும் தனியே உண்டு. தமிழ்நாட்டில் இவை 7% மற்றும் 4% ஆக இருந்தன; 2023-இல் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டபோது பதிவுக் கட்டணம் 2% ஆகக் குறைக்கப்பட்டது. வாங்குபவர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொண்டு, கட்டுநர் வரியைத் திருத்தும் காலக்கெடுவும் கடந்துவிட்டால், செலுத்திய ஜி.எஸ்.டி.யை அவரே அரசிடம் திரும்பக் கோரும் வழி டிசம்பர் 2022-இல் ஏற்படுத்தப்பட்டது.

குடியேறிய பின்னர் அடுக்ககச் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகைக்கு மாதம் ரூ. 7,500 வரை விலக்கு உண்டு. அதை மீறினால் முழுத் தொகைக்கும் வரி என்று வரித்துறை கூறியது. மிகுதிக்கு மட்டுமே வரி என 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.